கச்சான் காலத்து ஆய்வுகூடம்

இலங்கையில் மாவட்டங்கள் 25. ஆனால் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு கொழும்பிலிருந்து வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில் நோய்க்கணக்கு 26 வரிசைகளில் இருக்கும். கூடுதலாக நிற்கும் அந்த ஒரு வரிசை கல்முனை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்துக்கெனத் தனியாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை இருப்பதால், பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை எத்தனை பேருக்கு டெங்கு, எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் என்பது தனியாகவே எண்ணப்படுகிறது. இவ்வளவு சிறிய நிலத்துக்கு வாரா வாரம் நோய்க்கணக்கு கிடைப்பது எந்த ஆய்வாளனுக்கும் பெரிய கொடுப்பினை.

எண்ணுவதற்கு நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ.மார் மழையிலும் வெயிலிலும் வளவு வளவாக ஏறி இறங்குகிறார்கள். வைத்தியசாலையில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரான எம்.எல்.ரி. ஒருவர் நள்ளிரவிலும் இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்கிறார். அவர்களுக்கு அதற்கு மேல் நேரமில்லை. எண்ணிக்கை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்டு, கிணற்றடிக்குப் போய் நீரை அள்ளி வந்து, பொறுமையாக இருந்து பார்க்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தில் உயிரியல் படிக்கிறார். இப்போது லீவில் வீட்டில் இருக்கிறார்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்த கதை மூத்தவர்களுக்குத் தெரியும்; இளையவர்களுக்காக இரண்டு வரி. யுத்தத்தால் வடக்கு, கிழக்கு வளாகங்களுக்குப் போய்ப் படிக்க முடியாமல் முஸ்லிம் மாணவர்கள் தவித்த நாட்களில், அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாக அது தொடங்கியது. 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டது. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி மாவடிப்பள்ளி வயல்வெளியைக் கடந்தால் அங்கே போய்விடலாம். அதே சந்தியில் திரும்பாமல் வடக்கே போனால், சாய்ந்தமருதுக்கு அப்பால் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. நோயாளி ஒரு பக்கம், நுணுக்குக்காட்டி மறுபக்கம், நடுவில் பஸ் ஓடும் சில கிலோமீட்டர் பாதை. மருத்துவ ஆய்வு மருத்துவ பீடத்தாருக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் இந்தப் பாதையின் பெறுமதி விளங்கும்.

அந்த எண்ணம் நம்மிடம் ஆழமாகவே வேரூன்றியிருக்கிறது. நம் ஊர்களில் பயோ எடுத்த பிள்ளை என்றால் டொக்டராக வேண்டிய பிள்ளை. இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து விஞ்ஞான பீடம் கிடைத்தால் வீட்டில் சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் ஒரு குறை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதிப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை பீடத்துக்கு வரும்போது, தோற்றுப்போய் வந்த இடம் என்ற நினைப்போடுதான் வருகிறது. பிறகு விரிவுரை, பிரக்டிகல், பரீட்சை. நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தில் இறுதியாண்டு வந்தால்தான் சொந்தமாக ஒரு ஆய்வுத்திட்டம். அதற்குள் கெம்பஸ் வாழ்க்கையே முடியப்போகிறது. முதல் வருடத்திலோ இரண்டாம் வருடத்திலோ, பரீட்சை இல்லாத ஒரு விடுமுறையில், புள்ளிக்காக அல்லாமல் ஒரு கேள்விக்காக ஆய்வுகூடத்துக்குள் நுழையும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தால் என்ன நடக்கும்? உலகத்தில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் கேள்வி.

கச்சானில் நுளம்பு எங்கே போகிறது?

இங்கே கோடை என்றால் கச்சான். மேற்கேயிருந்து வரும் காற்று தன் ஈரத்தை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுஞ்சூடாக நம் கரையில் இறங்குகிறது. மே தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை கிணறு இறங்கும், புழுதி பறக்கும், சிறுபோகத்துக்கு வாய்க்கால் நீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். நமக்கு மழை மாரியில்தான். டெங்கும் மாரியோடுதான் ஏறும். டிசெம்பர், ஜனவரி மாதங்களில் வைத்தியசாலைக் கட்டில்கள் நிறையும். 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேர் டெங்குச் சந்தேக நோயாளிகளாகப் பதிவான பெருங்கொள்ளைநோயை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மழை நின்று சிரட்டையும் டயரும் காய்ந்துபோன பிறகு, அடுத்த மாரி வரும்வரை இந்த நுளம்பு எங்கே இருந்து காத்திருக்கிறது? ஒரு பாதி விடை பாடப்புத்தகத்தில் உண்டு. ஈடிஸ் நுளம்பின் முட்டை நீரில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்; முதல் மழை பட்டதும் பொரிக்கும். மறுபாதி விடையைத் தேடியவர்கள் நம் பக்கத்து ஆய்வாளர்கள்.

ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன் ஆகியோர், கிழக்குப் பல்கலைக்கழகத்தாருடனும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்று உலகம் முழுவதும் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலம். அவர்கள் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கைவிடப்பட்ட கிணறு, கரையேற்றிய படகு, வீசியெறிந்த பிளாஸ்டிக் கோப்பை என்று தேடிப் பார்த்தார்கள். ஆயிரத்தில் 15 பங்கு வரை உப்புள்ள நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் உயிரோடு இருந்தன. கடல்நீரின் உப்பு ஆயிரத்தில் சுமார் 35 பங்கு என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மழையை நம்பாமல் ஆண்டு முழுவதும் நிற்கும் இந்த உவர்நீர்தான் வறண்ட மாதங்களில் நுளம்புக்குத் தஞ்சமாகலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. பின்னர் யாழ்ப்பாணத்தில் தொடர்ந்த ஆய்வுகளில், உவர்நீருக்குப் பழகிய குடம்பிகளின் மேற்தோல் மாறியிருப்பதும் அவை குடம்பிக்கொல்லி மருந்தைக் கூடுதலாகத் தாங்குவதும் தெரியவந்தன.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடின பஸ் பயணம். அங்கே உள்ள வாவியும் மணலும் படகும் இங்கேயும் உண்டு. இங்கே இன்னொன்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26 இந்த மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தப்பிய வீடுகளின் கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. கிழக்குக் கரைக் கிணறுகளின் உப்பு எப்படி மாறுகிறது என்று சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் அப்போது ஆராய்ந்த இடங்களில் ஒலுவிலும் ஒன்று. அதற்குப் பிறகு குழாய்நீர் வந்தது. பல வளவுகளில் பழைய கிணறு மூடப்படாமலும் இறைக்கப்படாமலும் அப்படியே கிடக்கிறது. கல்முனைக்குடியில் ஒன்று, நிந்தவூரில் ஒன்று, பாலமுனையில் ஒன்று என்று நடந்து போய் அவற்றின் நீரை அள்ளிப் பார்க்கும் வேலைக்குக் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை. கச்சான் மாதங்களும் ஒரு விடுமுறையும் ஒரு மாணவியும் போதும்.

ஒரு மாணவியின் விடுமுறை

அந்த விடுமுறை எப்படியிருக்கும் என்று கிட்டத்தில் நின்று பார்ப்போம். வெயில் ஏறுமுன் கடற்கரையில் நிற்க வேண்டும். கையில் அகப்பை, வெள்ளைத் தட்டு, மூடியுள்ள போத்தல்கள், உப்பளவு காட்டும் மானி, பென்சிலால் எழுதும் குறிப்புப் புத்தகம். பேனை மை நீர்பட்டால் கரைந்துவிடும். கவிழ்க்காமல் விட்ட பழைய ஃபைபர் படகின் அடியில் ஒரு சாண் நீர் தேங்கியிருக்கும். அதில் எண்ணெய்ப்படலம், வலைத்துண்டு, மீன்செதில். பார்த்தால் ஒன்றுமில்லை. அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினால்தான் அசைவு தெரியும். நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகக் கிடந்தால் அனோபிலிஸ். வாற்குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கினால் ஈடிஸாகவோ கியூலெக்ஸாகவோ இருக்கலாம்.

மற்றது ஆய்வுகூடத்தில். குடம்பியின் வயிற்றில் எட்டாவது துண்டத்தின் பக்கவாட்டில் ஒரு வரிசைச் செதில்கள் உண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டியில், செதிலின் நடு முள்ளுக்கு இரு பக்கமும் சிறு முட்கள் தெரிந்தால் அது ஈடிஸ் ஈஜிப்தி. நடு முள் மட்டும் நேராக நின்றால் ஈடிஸ் அல்பொபிக்டஸ். இந்த வித்தியாசத்தைக் கண் பிடித்துக்கொள்ள நாட்கள் ஆகும். ஒருநாள் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் மறக்காது.

பிறகு பரிசோதனை. உப்பளவு படிப்படியாக ஏறும் கோப்பைகள் வரிசையில். உலக சுகாதார நிறுவனத்தின் குடம்பிச் சோதனை முறையைத் தழுவி ஒவ்வொன்றிலும் 25 குடம்பிகள். ஒரே அளவுக்கு நான்கு கோப்பைகள். கூடவே உப்பே சேர்க்காத கோப்பைகளும் உண்டு. அவைதான் கட்டுப்பாடு. 24 மணித்தியாலம் கழித்து, தொட்டால் அசையாதவற்றை எண்ண வேண்டும். கட்டுப்பாட்டுக் கோப்பையிலேயே நூற்றுக்கு 20க்கு மேல் செத்திருந்தால் அந்தச் சோதனை முழுவதும் செல்லாது. கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாவு 5 வீதத்துக்கும் 20 வீதத்துக்கும் இடையில் என்றால் 1925இல் அபொட் வகுத்த சூத்திரத்தால் திருத்திக்கொள்ளலாம். ஒரு கிழமை வேலை கட்டுப்பாட்டுக் கோப்பையால் வீணாகும் நாளில் அந்தப் பிள்ளைக்கு அழுகை வரும். வரட்டும். பிரக்டிகல் வகுப்பில் விடை முன்கூட்டியே தெரியும். விடை வராவிட்டால் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதலாம். இங்கே பார்த்து எழுத யாருடைய கொப்பியும் இல்லை.

ஆய்வுகூடத்தில் கற்கும் பாடங்களில் எனக்கு இந்தக் கட்டுப்பாட்டுக் கோப்பையே பெரியது. டெங்குக் காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் பப்பாசி இலைச் சாறு கொடுக்கிறோம். பிள்ளை சுகப்பட்டதும் சாறுதான் காப்பாற்றியது என்கிறோம். சாறு குடிக்காத பிள்ளையும் அதே நாளில் சுகப்பட்டதா என்று கேட்பதில்லை. கட்டுப்பாட்டுக் கோப்பையை ஒரு தரம் கையால் வைத்து எடுத்த மாணவி அதைக் கேட்பாள். உம்மாவிடம் கேட்பாள், மாமியிடம் கேட்பாள். டெங்கில் உயிரைக் காப்பது நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போவதும் நீராகாரத்தை அளந்து கொடுப்பதும் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்வதும்தான் என்று வீட்டுக்குள் நின்று சொல்ல ஒருத்தி கிடைப்பாள். ஒரு ஆய்வுக்கட்டுரைக்கு உள்ள பெறுமதி அதற்கும் உண்டு.

மாணவர் கைகள் செய்தவை

மாணவர் விடுமுறையில் செய்வது விளையாட்டு வேலை என்று நினைப்பவர்களுக்கு மூன்று கதைகள். நீரிழிவுக்கு ஊசி போடும் ஒவ்வொருவரும் இவற்றில் இரண்டுக்குக் கடன்பட்டவர்.

பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருந்தார். 1869இல், 21 வயதில், தன் பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, சுற்றியுள்ள இழையத்திலிருந்து வேறுபட்டுத் தீவு தீவாகக் கிடந்த கலங்களைக் கண்டார். அவற்றின் தொழில் என்ன என்று தெரியாது. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். இன்று நம் உயர்தரப் பாடத்தில் லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று படிப்பது அதைத்தான்.

அந்தத் தீவுகள் சுரப்பதைப் பிரித்தெடுத்ததும் ஒரு கோடை விடுமுறையில். 1921 மே மாதம், டொரொண்டோப் பல்கலைக்கழகம். பிரெட்ரிக் பான்டிங் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியருக்குப் பேராசிரியர் மக்லியோட் ஓர் அறையும் நாய்களும் கொடுத்தார். உதவிக்கு, இளமாணிப் பட்டப் படிப்பை அப்போதுதான் முடித்த இரண்டு மாணவர்களையும் காட்டினார். யார் முதலில் வேலை செய்வது என்று சார்ள்ஸ் பெஸ்டும் கிளார்க் நோபிளும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்டுக்கு விழுந்தது. 22 வயது. இரத்தத்திலும் சிறுநீரிலும் சீனியை அளக்கத் தெரிந்தவர் அவர்தான். அந்த அளவு பிழைத்தால் முழு ஆராய்ச்சியும் பிழைக்கும். பேராசிரியர் ஸ்கொட்லாந்துக்குப் போய்விட, புழுங்கும் அறையில் இருவரும் வேலை செய்தார்கள். யூலை மாதக் கடைசியில் நாயின் இரத்தச்சீனி இறங்கியது. 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி ஏற்றினார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. ஜேம்ஸ் கொலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து அதே மாதத்தில் வேலை செய்தது. 1923 நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியோட்டுக்கும் கிடைத்தது. பான்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார்.

மூன்றாமவர் ஜே மக்லீன். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மருத்துவ மாணவர். இரத்தத்தை உறையவைக்கும் பொருளைச் சுத்தப்படுத்திப் பார் என்று பேராசிரியர் ஹவல் வேலை கொடுத்தார். ஈரலிலிருந்து எடுத்த சாறு உறைய வைப்பதற்குப் பதிலாக உறைதலைத் தடுத்தது. மாணவன் ஏதோ பிழைவிட்டிருக்கிறான் என்று முதலில் நினைக்கத்தான் தோன்றும். மக்லீன் பூனை இரத்தத்தில் அதைக் கலந்து பேராசிரியரின் மேசையில் வைத்து, உறைந்ததும் சொல்லுங்கள் என்றார். உறையவில்லை. 1916இல் வெளிவந்த அந்த அவதானிப்பிலிருந்து வந்ததுதான் ஹெபரின். சிறுநீரக நோயாளியின் இரத்தம் இயந்திரத்தில் சுற்றும்போது கட்டிபடாமல் காப்பது.

இவர்கள் எல்லோரும் பெரிய நகரங்களின் பெரிய ஆய்வுகூடங்களில் இருந்தவர்கள் என்பது உண்மை. அவர்களை உள்ளே விட்ட ஒருவர் இருந்தார் என்பதும் உண்மை. அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் முறையாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1969இல் மார்கரெட் மக்விக்கார் பட்டப்படிப்பு மாணவர்களுக்கான ஆய்வு வாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கினார். இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு நிதியுதவி வழங்குகின்றன. திருநெல்வேலிக் கல்லூரி மாணவி பெங்களூர் ஆய்வுகூடத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வர அதில் வழியுண்டு. நம் பக்கத்தில் இது இன்னும் வழக்கமாக வேரூன்றவில்லை.

தடைகள் எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதம் அளவுதான். ஏகார் தூளும் பிப்பெட் முனைகளும் நுண்ணுயிர்கொல்லி வில்லைகளும் கடல் கடந்து வருபவை; 2022க்குப் பிறகு அவற்றின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. விரிவுரையாளர்களுக்கு ஏற்கனவே சுமை அதிகம். நோயாளியின் இரத்தத்தைத் தொடுவதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது ஒரு விடுமுறைக்குள் கிடைக்காது, டெங்கு நோயாளியின் இரத்தத்தைப் பயிற்சியில்லாத மாணவி கையில் கொடுக்கவும் கூடாது. ஆனால் நுளம்புக்கும் கிணற்று நீருக்கும் சந்தையில் விற்கும் ஐஸுக்கும் கோழி இறைச்சியில் வளரும் பற்றீரியாவுக்கும் அந்த நீண்ட கடிதப் போக்குவரத்து இல்லை. தொடக்கம் அங்கே இருக்கட்டும். பெயர் நீக்கிய பழைய பதிவுகளை வைத்து, எந்த ஊரில் எந்த மாதம் காய்ச்சல் ஏறியது என்று கணக்கிடும் வேலைக்கு, உரிய அனுமதியோடு வைத்தியசாலை கதவைத் திறக்கலாம். பீடம் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வரங்கில் அந்த மாணவியின் பெயரோடு ஒரு பக்கமாவது வரட்டும்.

மலேரியாவை நினைத்துப் பாருங்கள். 1934, 35இல் இந்த நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொன்ற நோய் அது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. மருந்து மட்டும் அதைச் செய்யவில்லை. ஊர் ஊராக நுளம்பைப் பிடித்து, இனம் பிரித்து, இரத்தப் பூச்சைக் கண்ணாடித் துண்டில் பார்த்துக்கொண்டே இருந்த பெயர் தெரியாத ஆயிரம் கண்கள் செய்தன. அந்த வேலைக்கு ஓய்வில்லை: மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, நாடு சான்றிதழ் வாங்கிய கையோடுதான். நம் கரையில் அடுத்து எது வந்து இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க இங்கே பிறந்த கண்கள் வேண்டும்.

ஆகவே சிலரிடம் நேராகவே கேட்கிறேன். பீடத்தாரே, அடுத்த கச்சான் விடுமுறையில் ஒரு ஆய்வுகூடத்தையாவது பூட்டாமல் வையுங்கள். சுகாதாரப் பணிமனையாரே, நுளம்பு தேடிப் போகும் பி.எச்.ஐ.யோடு இரண்டு மாணவிகளையும் கூட்டிப் போங்கள். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் நம் ஊரவர்களே, பள்ளிவாசலுக்கும் மைதானத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறீர்கள். ஒரு மாணவியின் எட்டு வாரப் பஸ் செலவும் சாப்பாடும் ஒரு பெட்டி பிப்பெட் முனைகளும் அதில் சிறு பங்கு.

கடைசியாக வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும். “லீவுதானே, என்னத்துக்கு மகள் கெம்பஸுக்குப் போறீங்க?” என்று கேட்காத வீடு நம்மிடையே குறைவு. வேலை மாலையில் முடியும், பஸ் கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. அதற்குப் பீடத்திடம் ஏற்பாடு கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் போகட்டும். உங்கள் பிள்ளை டொக்டர் ஆகவில்லை என்ற குறையோடு அவளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இந்த வருட விடுமுறைக்கு முன் அவளுடைய விரிவுரையாளரைப் போய்ச் சந்தித்து, லீவில் அவளுக்கு ஆய்வுகூடத்தில் ஒரு மேசை தருவீர்களா என்று நீங்களே கேளுங்கள்.